முழங்கைக்கு எலுமிச்சம்பழம்

கல்லூரி மைதானத்தின் வாவிப் பக்கத்து மதிலோரம் எங்கள் உதைபந்தாட்ட அணி முழுவதும் வரிசையாகக் குந்தியிருக்கிறது. ஆளுக்கொரு பாதி எலுமிச்சம்பழம். எல்லோரும் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

பந்து ஒரு மூலையில் கிடக்கிறது. அதைத் தொட ஆளில்லை. புளி மணமும் வியர்வை மணமும் சேர்ந்து மூக்கில் ஏறுகின்றன. கீறல் பட்ட இடத்தில் புளி எரிந்து ஒருவன் கத்த, பக்கத்தில் இருப்பவன் சிரிக்கிறான். எங்கள் பயிற்சியாளர் பேசில் அண்ணன் நடுவில் நின்று, "தோல் மெத்தெண்டு வரும் மட்டும் தேயுங்கடா. ஒருத்தனும் எழும்பப்படாது" என்று அதட்டுகிறார்.

அந்த வழியால் சைக்கிளில் வந்த இரசாயனவியல் ஆசிரியர் இறங்கி நின்று எங்களைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. அந்த நாட்களில் யாரும் எதையும் கேட்பதில்லை. மறுபடி ஏறிப் போய்விட்டார்.

சென்ற இதழில் வாவியில் நண்டு பிடித்த கதையை நான் நீட்டி முழக்கியதைப் படித்துவிட்டுப் பழைய கூட்டாளி ஒருவன் தொலைபேசியில் ஏசினான். "கீப்பர், நண்டையும் இறாலையும் விட்டுப்போட்டு நம்மட விளையாட்டப் பத்தி எப்பதான் எழுதப்போறாய்?" என்றான். எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவு வருவது அடித்த கோல்கள் அல்ல, இந்த எலுமிச்சம்பழம்தான். ஏன் தேய்த்தோம் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கடைசிக் கால்மணி நேரம்

எங்கள் அணிக்கு ஒரு வியாதி இருந்தது. ஆட்டம் முடியக் கால்மணி நேரம் இருக்கும்போது கால்கள் நின்றுவிடும். அதுவரை இரண்டு கோல் முன்னால் நிற்போம். பிறகு எதிரணி எங்களைச் சுற்றி நடந்து போய்க் கோல் அடிக்கும்.

நான் கோல் காப்பாளன். எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டு நிற்பவன். ஒருவனுக்கு இளைக்கத் தொடங்கியதை அவனுக்கு முன்னரே அவன் முதுகைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். சொல்லி என்ன பயன், கோல் என் வலைக்குள்தான் விழும். ஏச்சும் எனக்குத்தான் விழும்.

இந்த வியாதிக்கு மருந்து கொண்டுவந்தவர் பேசில் அண்ணன். போர்த்துக்கேய வழிவந்த நகரத்துப் பறங்கியர் குடும்பம். அப்பாவின் இரும்புப் பட்டறையில் ஒட்டு வேலை செய்துகொண்டிருந்தார். கல்லூரியின் முன்னாள் அணித் தலைவர். கோபம் வந்தால் வீட்டில் பேசும் போர்த்துக்கேய மொழியில் ஏசுவார், நமக்கு விளங்காது என்ற நம்பிக்கையில். அந்த மொழியில் நாங்கள் கற்றுக்கொண்டது அந்த ஏச்சுகளை மட்டுந்தான்.

சுனாமி வந்து சில மாதங்களில் அவர் கொழும்புக்குப் போய் உடற்பயிற்சிப் படிப்பு ஒன்று படித்துவிட்டு வந்தார். வந்தவர் கையில் ஒரு திட்டம் இருந்தது. முதற் கிழமைகளில் குறைந்த பாரத்தைப் பல தரம் தூக்க வேண்டும். பிறகு பாரம் கூடும், தரம் குறையும். அதற்குப் பிறகு பாய்ச்சலும் குறுகிய ஓட்டமும். போட்டி நெருங்க நெருங்க எல்லாவற்றையும் குறைத்து உடம்பை ஆறவிட வேண்டும்.

"பாரம் தூக்கிறது பெரிய காரியமில்ல. எப்ப தூக்காம இருக்கிறதெண்டு தெரியோணும். அதுதான் திட்டம்" என்பார்.

ஹர்த்தால் வந்தால் மைதானத்துக்குப் போக முடியாது. மனுசன் அதையும் திட்டத்துக்குள் போட்டுவிட்டார். ஹர்த்தால் நாள் ஓய்வு நாள். எங்கள் ஊரில் ஓய்வுக்குக் குறைவே இருக்கவில்லை.

பாரத்துக்கு எங்கே போவது? மாஜரின் தகரங்களில் சீமெந்து ஊற்றி, இரும்புக் குழாயின் இரண்டு முனையிலும் இறுக்கினார். குழாய்க்குப் பஞ்சமில்லை. கடல் வந்து போன பிறகு கல்லடிப் பக்கம் வளைந்ததும் நெளிந்ததுமாக எங்கும் குழாய்கள் கிடந்தன. எந்த வீட்டுப் படலையில் நின்ற குழாய் என்று நாங்கள் கேட்கவில்லை. காலையில் அதைத் தோளில் வைத்தால் சில்லென்று குளிரும்.

சாப்பாடு நிவாரணத்தில் வந்த டின் மீனும் பருப்பும். பேசில் அண்ணன் முட்டை சாப்பிடச் சொன்னார். வீட்டில் கோழி வைத்திருந்தவன் அன்று முதல் எங்கள் எல்லோருக்கும் உயிர்ச் சிநேகிதன்.

எவ்வளவு தேறியிருக்கிறோம் என்று பார்க்கவும் ஒரு வழி வைத்திருந்தார். விரலில் சோக் தடவிக்கொண்டு சைக்கிள் கொட்டகைச் சுவரோரம் நின்று எம்பிக் குதித்து, எட்டுமட்டும் தொட வேண்டும். தொட்ட இடத்தில் வெள்ளைப் புள்ளி விழும். கிழமைக்குக் கிழமை புள்ளிகள் மேலே ஏறின. என்னுடையது மட்டும் கொஞ்சம் சோம்பேறித்தனமாக ஏறியது.

ஞானம்மா மாமி

அப்போதுதான் ரூபன் வந்தான். வந்தான் என்பதைவிட, கொண்டுவரப்பட்டான் என்று சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதுப் பொடியனை அவனுடைய அம்மா மணிக்கட்டில் பிடித்து மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

ஞானம்மா மாமியின் குடும்பம் நாவலடி மணலில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு கீற்று நிலம். கடல் வந்த காலையில் ரூபன் ஒரு கையால் தென்னையையும் மறு கையால் தங்கச்சியையும் பிடித்திருந்தான். தென்னை நின்றது. தங்கச்சியைப் பிடித்திருந்த கை நிற்கவில்லை.

இப்போது தாயும் மகனும் தன்னாமுனைப் பக்கத்தில் ஒரு தற்காலிகக் கொட்டிலில் இருந்தார்கள். மாமி பேசில் அண்ணனுக்கு முன்னால் நின்று மகனுடைய கையை உயர்த்திக் காட்டினார்.

"தம்பி, இந்தக் கையப் பாருங்க. நீங்க பொடியன்களப் பெலமாக்கிறீங்களாம். இவனையும் பெலமாக்கித் தாங்க. இனி இவன் எதப் பிடிச்சாலும் விடப்படாது."

அதில் குற்றச்சாட்டு இல்லை. கடைக்காரரிடம் பொருள் கேட்பது போலத்தான் கேட்டார். ரூபன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேசில் அண்ணன் எதற்கும் வாய் காட்டுகிற மனுசன், அன்று "ஓம் அக்கா" என்று மட்டும் சொன்னார்.

அவன் ஓடிய ஓட்டம்

திட்டத்தை எங்கள் எல்லோரையும்விட ஒழுங்காகச் செய்தவன் ரூபன். பேசில் அண்ணனுக்கு மிகவும் விருப்பமான பயிற்சி ஒன்று உண்டு. முழங்கைகளைத் தரையில் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி நேராக வைத்து, அசையாமல் நிற்பது. கால்மணி நேர வியாதி காலில் இல்லை, நடுவுடம்பில்தான் என்பது அவர் கட்சி. மைதானமோ பொடிக்கல் குத்தும் கிறவல் தரை. நாங்கள் முனகிக்கொண்டு விழுந்த பிறகும் ரூபன் நிற்பான். போதும் என்று அண்ணன் சொல்லும்வரை நிற்பான்.

மூன்று நான்கு மாதத்தில் அவன் வேறு ஆள். சுவரில் அவனுடைய புள்ளியைத் தொட அணியில் ஒருவனும் இல்லை. தோள் விரிந்தது. கழுத்து உரத்தது. ஓடத் தொடங்கினால் முதல் நாலைந்து எட்டிலேயே பக்கத்தில் வந்தவன் பின்னால் போய்விடுவான்.

ஒரு போட்டி. கடைசிக் கால்மணி நேரம். சமநிலை. எதிரணிக்காரர் மூச்சு வாங்குகிறார்கள். நான் எறிந்த பந்தை ரூபன் எங்கள் பக்கத்திலேயே எடுத்தான். வலப்பக்கக் கோட்டை ஒட்டி ஓடினான். தடுக்க வந்த ஒருவன் தோளில் மோதி, மோதியவனே விழுந்தான். ரூபன் திரும்பியும் பார்க்கவில்லை. நான் என் கோலை விட்டு மைதானத்தின் பாதிவரை அவன் பின்னால் ஓடியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். பந்து வலைக்குள் போனதும் அவன் கைகளை உயர்த்தவில்லை. சிரித்துக்கொண்டு நின்றான். கடலுக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அவன் விளையாடியதை மாமி ஒருநாளும் பார்க்க வரவில்லை. கொட்டில், கிணறு, கோயில். அதற்கப்பால் அவர் எங்கும் போவதில்லை. "மகன் நல்லா விளையாடுறான் மாமி" என்று நான் போய்ச் சொன்னால், "சாப்பிடுறான் தம்பி, அது போதும்" என்பார்.

மேற்சட்டையைக் கழற்று

அடுத்த வருடம் யுத்தம் மறுபடியும் எங்கள் பக்கம் வந்தது. நகரத்திலிருந்து போகும் ஷெல் வாவிக்கு மேலால் கூவிக்கொண்டு போய் மேற்குக் கரையில் விழும். வவுணதீவுப் பக்கத்துச் சனம் வயல் வட்டையையும் மாட்டையும் விட்டுவிட்டு இக்கரைக்கு வந்து பாடசாலைகளில் படுத்தது. சோதனைச் சாவடிகள் கூடின. சண்டைக்குப் பொடியன்களைப் பிடித்துப் போகிறவர்களும் கூடினார்கள். யார் எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியாத காலம்.

ஒரு காலை தன்னாமுனையிலிருந்து வந்த பஸ்ஸைச் சாவடியில் படையினர் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். இளந்தாரிகள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். ரூபன் கழற்றினான்.

தோளில் குழாய் அழுத்திய தழும்பு. முழங்கைகள் கறுத்துத் தடித்துப் போயிருந்தன. துவக்கோடு தவழ்ந்து பழகியவனுக்குத்தான் அப்படி முழங்கை இருக்கும் என்பது அவர்களுடைய எண்ணம். பஸ் போய்விட்டது. ரூபனை மறித்து வைத்தார்கள்.

செய்தி வந்ததும் பேசில் அண்ணன் செய்த காரியத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். சீமெந்துத் தகரம் கட்டிய குழாயைத் தூக்கி ஒரு முச்சக்கர வண்டிக்குள் திணித்தார். மறுமுனையைப் பிடிக்க என்னையும் ஏற்றினார். குழாய் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, சாவடியில் போய் இறங்கினோம். எங்களைக் கண்டதும் துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின.

பேசில் அண்ணன் குழாயைத் தோளில் வைத்துக் காட்டினார். சட்டையை விலக்கித் தன் தழும்பைக் காட்டினார். பிறகு நடுத்தெருவில், தார் கொதிக்கிற வெயிலில், முழங்கைகளை ஊன்றி நின்றார். கொழும்பில் பழகிய சிங்களத்தில், நின்றபடியே விளக்கம் வேறு சொன்னார். "கீப்பர், நீயும் நில்லுடா!" என்று கத்தினார். நானும் நின்றேன். என் முழங்கையைத் தார் சுட்டது. பஸ்ஸில் போன சனம் தலையை நீட்டிப் பார்த்தது.

கடைசியில் ஓர் அதிகாரி வந்தார். எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். பின்னேரம் கல்லூரி அதிபரும் பங்குத்தந்தையும் வந்து கையெழுத்து வைத்த பிறகு ரூபனை விட்டார்கள்.

திரும்பி வரும்போது பேசில் அண்ணன் ரூபனின் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவனவன் முழங்கையை அவனவன் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தோம். ரூபனை அப்படி ஆக்கியது தன்னுடைய கிறவல் தரைப் பயிற்சிதான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மறுநாள் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு மைதானத்துக்கு வந்தார்.

இரண்டாம் தரம்

நாங்கள் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் மாமி வந்தார். இந்தத் தரம் தனியாக வந்தார். ரூபன் எங்கள் வரிசையில் குந்தியிருந்தான். மாமி அவனைப் பார்க்கவில்லை. நேரே பேசில் அண்ணனிடம் போனார்.

"தம்பி, அண்டைக்கு நான்தானே வந்து கேட்டன், இவனப் பெலமாக்கித் தாங்கண்டு. இண்டைக்கும் நான்தான் வந்திருக்கன். இவன மெலிய வச்சுத் தாங்க."

"அக்கா, முழங்கைத் தழும்பு மாறிரும். இனி நிலத்தில சாக்கு விரிச்சுத்தான்..."

"முழங்கை மட்டுமில்ல தம்பி. ஆளப் பாருங்க. ரோட்டில போனா ஒரு பக்கம் இவனக் கண்டு பயப்பிடுறான். மத்தப் பக்கம் இவனக் கண்டு ஆசப்படுறான். எங்கட கொட்டில் வரிசையில ரெண்டு பொடியன்களக் கொண்டு போயிற்றானுகள். நோஞ்சான ஆரும் கொண்டு போகமாட்டான். மறுகா எனக்கு ஆரு இருக்கா?"

பேசில் அண்ணன் மதிலில் சாய்ந்துகொண்டார்.

"கட்டுறதுக்குத்தான் அக்கா எனக்குப் படிப்பிச்சவங்க. கரைக்கிறதுக்கு ஒருத்தரும் படிப்பிக்கல்ல" என்றார். பிறகு ரூபனைப் பார்த்து, "நீ என்னடா சொல்றாய்?" என்று கேட்டார்.

"அம்மா சொல்ற மாதிரிச் செய்வம் அண்ணன்" என்றான் ரூபன். வேறு என்ன சொல்லுவான்? தங்கச்சியைக் கைவிட்டவன் என்று தன்னையே நினைத்துக்கொண்டிருந்தவன், அம்மா கேட்டதை எந்த வாயால் மறுப்பான்?

"அப்ப சும்மா இரி. பாரம் தூக்காத. ஓடாத. ஒரு நேரச் சாப்பாட்டக் குறை. அது தன்பாட்டில போகும்" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துப் போர்த்துக்கேயத்தில் ஏசினார். நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் ஏச்சை வாங்கிக்கொண்டோம்.

கரைந்து போனது

எங்களுக்குப் பாரம் பாதியாகக் குறைந்தது. ரூபனுக்கு எல்லாம் நின்றது.

மாதக்கணக்கில் கட்டியது சில கிழமைகளில் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. தோள் இறங்கியது. கழுத்தெலும்பு தெரிந்தது. மாமி அவனுக்கு நிவாரணத்தில் வந்த பெரிய நீளக்கைச் சட்டைகளைப் போட்டுவிட்டார். கூனி நடக்கச் சொல்லிக் கொடுத்தார். அவன் நல்ல பிள்ளை, அதையும் ஒழுங்காகச் செய்தான்.

மைதானத்துக்கு வருவதை மட்டும் அவன் விடவில்லை. மதிலில் இருந்து பார்ப்பான். வெளியே போன பந்தை நடந்துபோய் எடுத்துக் கையால் எறிவான். காலால் தொடமாட்டான். கோலுக்குள் நிற்கும் எனக்கு அவன் இருந்த இடம் எந்த நேரமும் கண்ணில் படும். அந்தப் பக்கம் பார்க்காமல் விளையாடப் பழகினேன்.

ஒருநாள் எல்லோரும் வாவியில் கை கால் கழுவப் போனபோது அவன் சைக்கிள் கொட்டகைச் சுவரோரம் நிற்பதைக் கண்டேன். விரலில் சோக் தடவினான். சுற்றிப் பார்த்தான். குதித்தான். புள்ளி அவனுடைய பழைய புள்ளிக்கு எவ்வளவோ கீழே விழுந்தது. அதை உள்ளங்கையால் அழித்துவிட்டுப் போனான்.

மாமி செய்தது சரி. அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுசனில்லை. அந்தக் கொட்டில் வரிசையில் அவன் வயதுப் பொடியன்கள் வேறு சிலரும் போனார்கள், திரும்பி வரவில்லை. சாவடியில் ரூபனை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. போ, போ என்று கையைக் காட்டினார்கள். அவன் தப்பினான். இன்றைக்கும் இருக்கிறான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

ஆனாலும் எனக்குள் ஓர் ஏக்கம் இருக்கிறது. உயிரோடிருக்கும் ஒருவனுக்காக ஏங்குவது நன்றிகெட்ட வேலை என்று தெரியும். வலப்பக்கக் கோட்டை ஒட்டி ஓடிய அந்த ரூபனை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் போல இருக்கும். இப்போது கணித வாத்தியாராக வகுப்பில் நிற்கும்போது, யன்னலுக்கு வெளியே பொடியன்கள் ஓடும் சத்தம் கேட்டால் கரும்பலகையில் கை நின்றுவிடும்.

பழைய மாணவர் ஆட்டம்

யுத்தம் முடிந்து, சாவடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்த காலத்தில், கல்லூரியில் பழைய மாணவருக்கும் படிக்கும் மாணவருக்கும் ஓர் ஆட்டம் வைத்தார்கள். எனக்கு அதற்குள் தொந்தி விழத் தொடங்கிவிட்டது. ரூபன் நகரத்தில் ஒரு தொலைபேசி திருத்தும் கடையில் நாள் முழுவதும் குனிந்திருந்து வேலை செய்தான். "வாடா, ஆள் காணாது" என்று கூப்பிட்டேன். கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்தான்.

அரைக் கைச் சட்டையோடு அவனை மைதானத்தில் பார்த்துப் பல வருடங்கள். கைகள் மெலிந்து வெளுத்திருந்தன. மாணவர் அணியோ கல்லூரிக்கு வந்திருந்த உண்மையான இரும்புப் பாரங்களில் உடம்பை வளர்த்திருந்தது. பேசில் அண்ணன் கோட்டோரம் கொடியோடு நின்றார்.

இரண்டாம் பாதி தொடங்கியபோது என் வலைக்குப் பின்னால் யாரோ குடையோடு வந்து நிற்பது தெரிந்தது. திரும்பினேன். ஞானம்மா மாமி. கோயிலுக்குப் போகும் சேலை உடுத்தியிருந்தார்.

"விளையாட்டுப் பாக்க வந்தனான் தம்பி. இனிப் பயமில்லதானே" என்றார்.

கடைசிக் கால்மணி நேரத்தில் நான் எறிந்த பந்து ரூபனிடம் போனது. அவன் வலப்பக்கக் கோட்டை ஒட்டி ஓடத் தொடங்கினான். நாலைந்து எட்டில் ஒரு மாணவன் அவனைப் பிடித்துவிட்டான். பந்தைப் பறித்திருக்கலாம். பறிக்கவில்லை. பொடியன் மரியாதை தெரிந்தவன், தன் வேகத்தைக் குறைத்து, மூத்தவனைப் போகவிட்டுப் பக்கத்தில் ஓடினான். ரூபன் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஓடினான். மூலைவரை போய்ப் பந்தை உதைத்தான். அது கோலுக்கு வெகு தூரத்தால் வெளியே போனது. சனம் அன்போடு கை தட்டியது. பேசில் அண்ணன் கொடியைத் தாழ்த்திக்கொண்டு வாவிப் பக்கம் திரும்பி நின்றார்.

என் பின்னால் வலை ஆடியது. மாமி இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தார்.

"கண்டீங்களா தம்பி? என்ட மகன் என்ன ஓட்டம் ஓடுறான்! இவன் இவ்வளவு சுறுக்கா ஓடுவான் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லல்லையே!"

"ஓம் மாமி" என்றேன், திரும்பாமல். "அவன் எப்பவும் அப்பிடித்தான்."